சுரங்க தொழிலாளி மகன்... தடுத்து ஆடியே ஒரு நாட்டை ஜெயிக்க வைத்த ஜாக் சார்ல்டன்!

கோல் போடுகிறவருக்கு மாலை. கோல் விழாமல் தடுக்கிறவருக்கு திட்டு. கால்பந்தில் காலம்காலமாக இதுதான் நடக்கிறது.

90 நிமிஷமும் உயிரை கொடுத்து தடுத்திருப்பார். ஒரே ஒரு தடவை கோட்டை விட்டால் போதும்... அவ்வளவுதான்! மறுநாள் பேப்பரில் அவர் பெயர்தான் நாறும்.

அப்படிப்பட்ட இடத்தில் 20 வருஷம் நின்றவர் இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டன். வீரராக உலக கோப்பையை தொட்டார். பிறகு பயிற்சியாளர் ஆனார். பெரிய போட்டி எதற்கும் தகுதி பெறாத அயர்லாந்து அணியை உலக கோப்பை கால்இறுதி வரை கொண்டுபோனார்.

இத்தனைக்கும் அவர் கையில் மந்திரக்கோல் எதுவும் இல்லை. தடுப்பாட்டக்காரருக்கு எது கஷ்டம் என்பது மட்டும் அவருக்கு நன்றாக தெரியும். அந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் முழு அணியையும் கட்டினார். அது எப்படி? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பார்க்கலாம்.

சுரங்கமா? பந்தா?

இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கிறது ஆஷிங்டன். நிலக்கரி சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர். அங்கே 1935-ம் ஆண்டு மே 8-ந்தேதி பிறந்தார் ஜாக். அப்பா பாப் சார்ல்டன் சுரங்க தொழிலாளி. வீட்டில் மொத்தம் 4 பையன்கள். ஜாக்தான் மூத்தவர்.

அம்மா சிஸ்ஸி பிறந்த வீடு கால்பந்து குடும்பம். அவரது உடன்பிறந்த சகோதரர்கள் 4 பேரும் தொழில்முறை வீரர்கள். நியூகாசில் அணியின் நட்சத்திரம் ஜாக்கி மில்பர்ன் அவருக்கு உறவுமுறை.

ஜாக்கை விட 2 வயது இளையவர் பாபி. பின்னாளில் உலகமே கொண்டாடிய பாபி சார்ல்டன் இவர்தான். பந்து பாபியின் காலில் ஒட்டிக்கொள்ளும். ஜாக் அப்படி இல்லை. நெட்டையாக, கழுத்து நீண்டு, கையும் காலும் தனித்தனியாக ஓடுகிற மாதிரி இருப்பார். அதனாலேயே பின்னாளில் 'ஒட்டகச்சிவிங்கி' என்று பட்டப்பெயர் வந்தது.

15 வயதில் லீட்ஸ் யுனைடெட் கிளப்பில் இருந்து அழைப்பு வந்தது. ஜாக் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா வழியில் சுரங்க வேலைக்கு போனார். உள்ளே போய் பார்த்த பிறகுதான் தெரிந்தது... இந்த இருட்டில் ஆயுசு முழுக்க இருக்க முடியாது என்று. கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டார்.

போலீஸ் வேலைக்கும் மனு போட்டார். நேர்முக தேர்வு தேதியும், லீட்ஸ் அணியின் தேர்வு ஆட்டமும் ஒரே நாளில் வந்து நின்றன. எதற்கு போவது? ஜாக் மைதானத்துக்கு போனார். அவர் தலையெழுத்து அன்றைக்கு மாறியது.

வாயாடிக்கு கிடைத்த சூடு

1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லீட்சுக்காக முதல் ஆட்டம். அப்போது வயது 17. இடையில் 2 ஆண்டு கட்டாய ராணுவ சேவை. திரும்பி வந்து மீண்டும் லீட்ஸ்.

ஆனால் முதல் 8, 9 வருஷம் ஜாக் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. வாய் ஜாஸ்தி. கோபம் அதைவிட ஜாஸ்தி. தன் இடத்தில் நிற்காமல் பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவார். பின்னால் ஓட்டை விழும். கூட ஆடிய டான் ரெவி எரிச்சலில், ''நான் மேனேஜராக இருந்தால் உன்னை சேர்க்கவே மாட்டேன்'' என்கிற ரீதியில் சொல்லிவிட்டார்.

1961-ல் அதே ரெவி லீட்ஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். ஜாக் நிலைமை என்ன ஆகும்?

ரெவி அவரை உட்கார வைத்து பேசினார். ஒழுங்காக இருந்தால் இங்கிலாந்து அணிக்கே ஆடலாம் என்று நம்பிக்கை கொடுத்தார். அதன் பிறகு ஜாக் ஆளே மாறிப்போனார். இடத்தை விட்டு நகரமாட்டார். உயரப் பந்து எது வந்தாலும் அவர் தலைதான் முதலில் இருக்கும்.

கார்னர் கிடைத்தால் இன்னொரு வேலை. நேராக போய் எதிரணி கோல் கீப்பர் மூக்குக்கு முன்னால், கோல் கோட்டிலேயே நின்றுகொள்வார். கீப்பருக்கு பந்து தெரியாது. நகரவும் முடியாது. பல அணிகள் இதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியாமல் தவித்தன.

லீட்ஸ் 1964-ல் 2-வது டிவிஷனில் இருந்து முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1969-ல் லீக் சாம்பியன். 1972-ல் எப்.ஏ. கோப்பை. ஜாக் ஆயுசில் ஆடியது இந்த ஒரே கிளப்புக்குத்தான். மொத்தம் 773 ஆட்டம்! லீட்ஸ் வரலாற்றில் இதுதான் சாதனை.

30 வயதில் நாட்டு அணி

இங்கிலாந்து அணியில் ஜாக்குக்கு இடம் கிடைத்தது 1965 ஏப்ரலில். அடுத்த மாதம் 30 வயது முடியப்போகிறது. மற்றவர்கள் ஓய்வை பற்றி யோசிக்கிற வயது அது.

எதற்காக என்னை எடுத்தீர்கள் என்று பயிற்சியாளர் ஆல்ப் ராம்சேயிடமே கேட்டார் ஜாக். ராம்சே சொன்ன பதிலின் சாரம் இதுதான்: 'என் மனசில் ஒரு ஆட்டமுறை இருக்கிறது. அதற்கு பொருந்துகிற ஆளை எடுக்கிறேன். நாட்டிலேயே சிறந்த ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.'

கேட்பவருக்கு சுருக்கென்றுதான் இருக்கும். ஜாக் இதை கடைசி வரை சிரித்துக்கொண்டே சொல்வார். 20 வருஷம் கழித்து பயிற்சியாளராக அவர் செய்ததும் இதைத்தான்.

1966 உலக கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. அரைஇறுதியில் போர்ச்சுகல். தம்பி பாபி 2 கோல் அடித்தார். கடைசி கட்டத்தில் கோலுக்குள் போக இருந்த பந்தை ஜாக் கையால் தடுத்தார். பெனால்டி! யுசேபியோ அதை கோலாக்கினார். அந்த போட்டியில் இங்கிலாந்து வாங்கிய முதல் கோல் அதுதான். எப்படியோ 2-1 என்று தப்பித்தார்கள்.

மகன்கள் 2 பேரும் உலக கோப்பை அரைஇறுதி ஆடுகிறார்கள். அப்பா எங்கே? சுரங்கத்தில் ஷிப்ட்டில் இருந்தார்! இறுதிப்போட்டிக்குத்தான் லண்டன் வந்தார்.

ஜூலை 30-ந்தேதி, வெம்ப்ளி மைதானம். மேற்கு ஜெர்மனியை 4-2 என்று இங்கிலாந்து வீழ்த்தியது. விசில் ஊதியதும் ஜாக் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன், தம்பி இருவரும் உலக சாம்பியன்.

அடுத்த ஆண்டு, 1967-ல் இங்கிலாந்தின் சிறந்த வீரர் விருது ஜாக்குக்கு. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கியவர் யார் தெரியுமா? தம்பி பாபி!

காண்டிராக்ட் வேண்டாம்... லீவு கொடுங்கள்

1973-ல் ஓய்வு. உடனே மிடில்ஸ்பரோ கிளப்புக்கு மேனேஜர் வேலை. ஜாக் காண்டிராக்டில் கையெழுத்து போடவில்லை. வாய்ப்பேச்சு போதும் என்றார். ஆனால் ஒரு கண்டிஷன். மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் போக லீவு கொடுக்க வேண்டும்!

முதல் சீசனிலேயே மிடில்ஸ்பரோ 2-வது டிவிஷனில் சாம்பியன். 2-வது வந்த அணியை விட 15 புள்ளி அதிகம். வெற்றிக்கு 2 புள்ளி மட்டும் கொடுத்த காலம் அது. அந்த கணக்கில் இது மிகப்பெரிய வித்தியாசம்.

1977-ல் இங்கிலாந்து அணிக்கு பயிற்சியாளர் தேவைப்பட்டார். ஜாக் மனு போட்டார். தேர்வு செய்யாதது வேறு விஷயம். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று கூட பதில் வரவில்லை. நாட்டுக்கு உலக கோப்பை வாங்கிக்கொடுத்த ஆளுக்கே இந்த கதி. இனி எந்த வேலைக்கும் மனு போட மாட்டேன் என்று முடிவு செய்தார்.

அதன்பின் ஷெப்பீல்டு வெட்னஸ்டே. 3-வது டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த அணியை 1980-ல் மேலே ஏற்றினார். 1983-ல் எப்.ஏ. கோப்பை அரைஇறுதி வரை போனது. 1984-ல் நியூகாசில். சொந்த ஊர் பக்கம். ஆனால் ரசிகர்கள் திட்டியதும் ஒரே வருஷத்தில் உதறிவிட்டு வந்துவிட்டார்.

அந்த 1984, 85-ல்தான் இங்கிலாந்தில் சுரங்க தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஜாக் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். சுரங்கத்தை விட்டு வந்தாலும், சுரங்கத்துக்காரர்களை அவர் விடவில்லை.

அயர்லாந்துக்கு வந்த வெள்ளைக்காரர்!

1986 பிப்ரவரியில் அயர்லாந்து குடியரசு அணிக்கு ஜாக்கை பயிற்சியாளராக போட்டார்கள். சும்மா நடந்துவிடவில்லை. கமிட்டியில் ஓட்டெடுப்பு நடந்தது. லிவர்பூலின் புகழ்பெற்ற பாப் பெய்ஸ்லிதான் வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் ஜாக் ஜெயித்தார்.

ஊருக்குள் முணுமுணுப்பு. காரணம் இருக்கிறது. அயர்லாந்தை பல நூறு வருஷம் ஆண்ட நாடு இங்கிலாந்து. அந்த நாட்டுக்காரர் வந்து நமக்கு பாடம் எடுப்பதா என்று கேட்டவர்கள் நிறைய பேர்.

அப்போது அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 35 லட்சம். அதுவரை உலக கோப்பையோ, ஐரோப்பிய கோப்பையோ, ஒன்றுக்கு கூட தகுதி பெற்றது கிடையாது.

என்ன செய்தார்?

1986 மெக்சிகோ உலக கோப்பையை ஜாக் உன்னிப்பாக கவனித்தார். எல்லா அணியும் ஒரே மாதிரி ஆடுவது தெரிந்தது. பின்னால் இருந்து நிதானமாக பாஸ் போட்டு, நடுவில் இருக்கும் ஒரு கெட்டிக்கார ஆளிடம் பந்தை கொடுத்து, அவர் மூலமாக முன்னேறுவார்கள்.

அதே ஆட்டத்தை அயர்லாந்து ஆடினால் பிரேசிலையும், இத்தாலியையும் ஜெயிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அவர்களை அந்த ஆட்டம் ஆடவிடாமல் செய்தால்?

இங்கேதான் பழைய தடுப்பாட்டக்காரர் வேலை செய்தார்.

தடுத்து ஆடுகிறவருக்கு எதிரே வரும் பந்து பிரச்சினையே இல்லை. ஓடி வந்து முட்டி வெளியே தள்ளிவிடுவார். அவருக்கு நரகம் எது? முதுகுக்கு பின்னால் விழும் பந்து. தன் கோலை பார்த்து ஓட வேண்டும். எதிராளி எங்கே வருகிறார் என்று தெரியாது. மூச்சு வாங்கும். பதற்றத்தில் தப்பு செய்வார்.

இதை 773 ஆட்டத்தில் அனுபவித்தவர் ஜாக். அதனால் அவர் போட்ட சட்டம் ரொம்ப சிம்பிள்:

* பின்னால் நின்று பந்தை உருட்டிக்கொண்டு இருக்காதே. எதிரணியின் கடைசி ஆளை தாண்டி, மைதானத்தின் மூலையை பார்த்து நீளமாக அடி.

* முன்னால் இருப்பவர்கள் அதை துரத்து. பந்து கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. எடுத்தவனை நிம்மதியாக விடாதே. நெருக்கு.

* அவன் பதறி வெளியே அடித்தால் 'த்ரோ-இன்' நமக்கு. அவன் கோல் பக்கத்தில் இருந்தே நம் ஆட்டம் ஆரம்பம்.

சுருக்கமாக சொன்னால், அயர்லாந்தின் தடுப்பாட்டம் தன் கோல் பக்கம் தொடங்கவில்லை. எதிரணியின் கோல் பக்கத்திலேயே தொடங்கியது. கோல் அடிக்க வேண்டிய ஆட்களே முதல் காவல்காரர்கள்.

பின்னாளில் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் பந்து போன உடனே மேலேயே நெருக்க வேண்டும் என்று சொல்லி கோப்பை வாங்கினார்கள். அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு ஆடிய விதம் வேறு. ஆனால் 'மேலேயே நெருக்கு' என்பதை ஜாக் அப்போதே ஒரு சின்ன நாட்டுக்கு பழக்கிவிட்டார்.

தாத்தா ஊர் எது?

ஆட்டமுறை சரி. ஆள் வேண்டுமே? அதற்கும் ஜாக் வழி கண்டார்.

பிழைப்பு தேடி அயர்லாந்தில் இருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போனவர்கள் லட்சக்கணக்கில். கட்டிட வேலை, ரோடு வேலை, சுரங்க வேலை என்று போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும், பேரன்களும் அங்கே கால்பந்து ஆடிக்கொண்டு இருந்தார்கள்.

அப்பா, அம்மா அல்லது தாத்தா, பாட்டி அயர்லாந்தில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். விதிமுறை முன்பே இருந்தது. ஜாக் அதை முழுசாக பயன்படுத்தினார். கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹவுட்டன், லிவர்பூலில் பிறந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ் எல்லாம் பச்சை சட்டை போட்டார்கள்.

இதெல்லாம் ஒரிஜினல் அயர்லாந்து அணியா என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் பிழைக்கப்போன தொழிலாளர் குடும்பங்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. ஊரை விட்டு போனவன் பிள்ளை, ஊருக்காக ஆட திரும்பி வந்திருக்கிறான்!

இங்கிலாந்துக்கே ஆப்பு

1988 ஐரோப்பிய கோப்பைக்கு அயர்லாந்து முதன்முறையாக தகுதி பெற்றது. அதிலும் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. கடைசி கட்டத்தில் பல்கேரியாவை அதன் சொந்த மண்ணில் ஸ்காட்லாந்து 1-0 என்று தோற்கடித்ததால்தான் கதவு திறந்தது.

ஜூன் 12-ந்தேதி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம். முதல் ஆட்டமே யாருடன்? இங்கிலாந்துடன்! ஜாக் போட்ட மனுவுக்கு பதில் கூட போடாத அதே இங்கிலாந்து.

6-வது நிமிஷத்தில் ஹவுட்டன் தலையால் முட்டி கோல். மிச்சம் 84 நிமிஷமும் இங்கிலாந்து முட்டி மோதியது. அயர்லாந்து கீப்பர் பேக்கி போனர் விடவில்லை. 1-0 என்று ஆட்டம் முடிந்தது.

அந்த 1988-ல்தான் ஆஷிங்டன் சுரங்கமும் மூடப்பட்டது. ஜாக்கின் அப்பா உழைத்த ஊரின் அடுப்பு அணைந்த வருஷம் அது.

ஜெயிக்காமலே கால்இறுதி

1990 இத்தாலி உலக கோப்பை. அயர்லாந்துக்கு முதல் உலக கோப்பை. இங்கிலாந்துடன் 1-1, எகிப்துடன் 0-0, நெதர்லாந்துடன் 1-1. மூன்றும் டிரா. ஆனாலும் அடுத்த சுற்று!

அங்கே ருமேனியாவுடன் 0-0. பெனால்டி ஷூட்-அவுட். ருமேனியாவின் 5-வது உதையை போனர் பாய்ந்து தடுத்தார். அயர்லாந்தின் கடைசி உதை யாருக்கு? டேவிட் ஒலியரிக்கு. ஜாக் பல காலம் அணியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தவர். அவர்தான் கோல் அடித்து கரை சேர்த்தார்.

கால்இறுதியில் ரோம் நகரில் இத்தாலியிடம் 0-1 என்று தோல்வி. ஸ்கிலாச்சி அடித்த கோல். 5 ஆட்டத்தில் அயர்லாந்து போட்டது 2 கோல்தான். ஆட்ட நேரத்தில் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஊர் திரும்பியபோது டப்ளின் வீதிகளில் லட்சக்கணக்கான ஜனங்கள். கூட்டத்தில் பஸ் நகரவே முடியவில்லை.

கொட்டாவி ஆட்டமா?

எல்லோரும் பாராட்டவில்லை. இது கால்பந்தே அல்ல, பந்தை தூக்கி போட்டு துரத்துகிற வேலை என்று அயர்லாந்து பத்திரிகைகளிலேயே விமர்சனம் வந்தது.

அதில் நியாயமும் இருந்தது. லியாம் பிராடி போன்ற கலைநயம் மிக்க வீரருக்கு ஜாக் ஆட்டத்தில் இடம் இல்லை. 1989-ல் ஒரு நட்பு ஆட்டத்தில் முதல் பாதி முடியும் முன்பே பிராடியை வெளியே எடுத்தார். அந்த அவமானம் ரொம்ப நாள் பேசப்பட்டது.

எகிப்துடனான 0-0 ஆட்டம் பார்ப்பவர்களை தூங்க வைத்தது. சொந்த ஆளிடம் இருந்து பாஸ் வாங்கி கீப்பர் கையில் பிடித்து நேரம் கடத்தும் பழக்கம் அந்த உலக கோப்பையில் எல்லை மீறியது. 1992-ல் விதியையே மாற்றினார்கள். சொந்த அணிக்காரர் காலால் கொடுக்கும் பாசை கீப்பர் கையால் எடுக்கக்கூடாது! அந்த மாற்றத்தை பற்றி பேசும்போதெல்லாம் அயர்லாந்து-எகிப்து ஆட்டத்தையும் சொல்வார்கள்.

ஜாக் எதற்கும் அசரவில்லை. ராம்சே சொன்னதுதான் அவருக்கு வேதம். நல்ல ஆளா என்பது இரண்டாவது. என் ஆட்டத்துக்கு பொருந்துகிறானா என்பதுதான் முதல்.

அதேசமயம் தனக்கு வேண்டிய ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். பால் மெக்ராத் என்ற தடுப்பாட்டக்காரர் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். முட்டியில் பல தடவை ஆபரேஷன். குடிப்பழக்கம் வேறு. மற்றவர்கள் கைகழுவி இருப்பார்கள். ஜாக் அப்பா மாதிரி பார்த்துக்கொண்டார். மெக்ராத்தும் உயிரை கொடுத்து ஆடினார்.

1994-ல் அமெரிக்காவில் நடந்த உலக கோப்பையிலும் அயர்லாந்து. ஜூன் 18-ந்தேதி இத்தாலியை 1-0 என்று சாய்த்தது. கோல் அடித்தவர் அதே ஹவுட்டன். மெக்ராத் அன்றைக்கு ஆடிய தடுப்பாட்டம் அந்த நாட்டில் காலத்துக்கும் பேசப்படும் ஆட்டம். அடுத்த ஆட்டத்தில் மெக்சிகோவிடம் 1-2 என்று தோல்வி. ஆள் மாற்றும்போது கோட்டுக்கு வெளியே நடந்த தகராறில் ஜாக்குக்கு அபராதமும், ஒரு ஆட்ட தடையும் விழுந்தது. 2-வது சுற்றில் நெதர்லாந்திடம் 0-2 என்று தோற்று அயர்லாந்து வெளியேறியது.

1995 டிசம்பரில் அதே நெதர்லாந்திடம் பிளே-ஆப் ஆட்டத்தில் தோல்வி. அடுத்த ஐரோப்பிய கோப்பை வாய்ப்பு போனது. ஜாக் விடைபெற்றார். அவர் காலத்தில் 94 ஆட்டம். அதில் 47 வெற்றி, 30 டிரா, 17 தோல்விதான்.

அயர்லாந்து அவருக்கு கவுரவ குடியுரிமை கொடுத்தது. கார்க் விமான நிலையத்தில் சிலை வைத்தது. கையில் பந்து இல்லை... மீனோடு உட்கார்ந்திருக்கும் சிலை! அவர் செக் கொடுத்தால் யாரும் பேங்கில் போட மாட்டார்களாம். கையெழுத்துக்காக பிரேம் போட்டு மாட்டி வைப்பார்களாம். அப்படி ஒரு கதை இன்னும் சொல்கிறார்கள்.

தலைக்கு வந்த வினை

இனிதான் கதையின் கசப்பான பக்கம்.

கடைசி காலத்தில் ஜாக்குக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. டிமென்ஷியா என்ற மறதி நோய். தான் ஜெயித்த ஆட்டங்களே நினைவில் இல்லை. அவரை பற்றி எடுத்த ஆவணப்படத்தில் பழைய ஆட்டத்தை போட்டு காட்டுகிறார்கள். பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தவர் திடீரென்று ஒரு பெயரை சொல்கிறார்... பால் மெக்ராத்!

கூடவே புற்றுநோயும் இருந்தது. 2020 ஜூலை 10-ந்தேதி, 85 வயதில் காலமானார். கொரோனா காலம். ஆனாலும் ஆஷிங்டன் ஜனங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நின்று வழியனுப்பினார்கள்.

ஜாக் மட்டும் இல்லை. 1966-ல் கோப்பை வாங்கிய அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ் ஆகியோருக்கும் அதே மறதி நோய். மூவரும் 2018-ல் இருந்து 2020-க்குள் அடுத்தடுத்து போய்ச்சேர்ந்தார்கள். தம்பி பாபிக்கும் டிமென்ஷியா. 2023 அக்டோபரில் அவரும் காலமானார்.

பந்தை தலையால் முட்டியது காரணமா? தனி ஒருவர் விஷயத்தில் இதுதான் காரணம் என்று அடித்து சொல்ல முடியாது. வயசானால் சாதாரணமாகவே இந்த நோய் வரலாம். ஆனால் மொத்தமாக எண்ணி பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 முன்னாள் வீரர்களின் விவரத்தை எடுத்தது. 2019-ல் முடிவு வந்தது. மறதி நோய் உள்பட மூளை தேய்மான நோய்களால் சாகும் ஆபத்து, மற்றவர்களை விட கால்பந்து வீரர்களுக்கு சுமார் மூன்றரை மடங்கு அதிகம்.

2021-ல் இன்னொரு முடிவு. யாருக்கு அதிகம் என்று பார்த்தார்கள். கோல் கீப்பர்களுக்கு சாதாரண மக்கள் அளவுக்குத்தான் ஆபத்து. தடுப்பாட்டக்காரர்களுக்கு? சுமார் 5 மடங்கு!

கீப்பர் கையால் பிடிக்கிறார். தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டுகிறார். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை யாரும் விளக்க தேவை இல்லை. அதுவும் ஜாக் காலத்து தோல் பந்து, மழையில் தண்ணீர் குடித்து கனக்கும்.

இது ஒன்றும் புது சந்தேகம் இல்லை. முன்னாள் வீரர் ஜெப் ஆஸ்லே 2002-ல் இறந்தபோது, விசாரணை செய்த அதிகாரி அதை 'தொழில் நோய்' என்று பதிவு செய்தார். சுரங்கத்தில் தூசி தின்று நுரையீரல் கெட்டுப்போவதை எந்த பெயரில் எழுதுவார்களோ, அதே பெயர்! சுரங்கம் வேண்டாம் என்று மைதானத்துக்கு ஓடி வந்தவர்களுக்கும் தொழில் நோய் காத்திருந்தது.

பசங்களுக்கு என்ன பாடம்?

இங்கிலாந்தில் 2020-ல் ஆரம்ப பள்ளி வயது பிள்ளைகளுக்கு பயிற்சியில் தலையால் முட்டும் பழக்கத்தை நிறுத்த சொன்னார்கள். 2021-ல் பெரியவர்களுக்கும் வரம்பு வந்தது. பயிற்சியில் வேகமாக வரும் பந்தை வாரத்துக்கு 10 தடவைக்கு மேல் முட்ட வேண்டாம் என்பது அந்த அறிவுரை.

மைதானத்துக்கு பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், அவர்களுக்கு சொல்லிக்கொடுக்கும் கோச்சுகளும் கவனிக்க வேண்டியது இதுதான். சின்ன பசங்களை வரிசையாக நிற்க வைத்து தலையால் முட்ட வைக்கும் பயிற்சி தேவை இல்லை. காற்று அதிகம் அடித்து கல் மாதிரி ஆன பந்து, நனைந்து கனத்த பந்து வேண்டாம். தலையில் அடிபட்டு கிறுகிறுப்பு, வாந்தி, கண் மங்கல் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

கால்பந்தை விட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஜாக் குடும்பமே கால்பந்தால்தான் தலைநிமிர்ந்தது. எந்த இடத்தில் எதிராளி தப்பு செய்வான் என்று யோசிப்பதுதான் தடுப்பாட்டத்தின் முதல் பாடம் என்று ஜாக் காட்டிவிட்டு போயிருக்கிறார். முட்டுவதற்கு முன்னால் யோசிக்கத்தான் தலை!